அரிசிக்கு அடியில்

ஆரல்வாய்மொழி,
ஆடி 9, சனிக்கிழமை.

அன்பு மகள் ஸ்மிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பெரிய குறை இல்லாமல் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை என்று ஆளுக்கு ஒன்றாகப் பாகம் பிரித்துக்கொண்டதால் வீட்டில் அதைப் பற்றிச் சண்டை இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை ரதீஷும் பேத்தி நந்தனாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். நம்பிக்கை என்ற சொல்லை இந்தத் தடவை கொஞ்சம் யோசித்துத்தான் போட்டேன். வாரம் தவறாமல் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறவன் எதற்குக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தான் என்று நீ கேட்பாய். வீடியோவில் பேசும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார், பேச்சு துப்பாக்கிச் சட்டத்துக்குப் போய்விடுகிறது, சட்டத்தைப் பேசி முடிக்க நாற்பது நிமிடம் ஆகிறது, அதற்குள் அவருக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. நான் பேச வேண்டியது அரிசியைப் பற்றி. அதற்கு நேரம் கிடைக்கவே இல்லை.

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன், அலுவலகப் பழக்கம். மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குச் சாயங்காலம் ஏழரை, ஹூஸ்டனில் காலை ஒன்பது. மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை, நீ குளிக்கப் போயிருந்தாய். நந்தனா டேப்லெட்டைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு எங்களோடு பேசிக்கொண்டே மதியச் சோற்றுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து அது அவள் வேலை என்று நீ சொல்லியிருந்தாய், ஆறு வயதில் பொறுப்பு வருவது நல்லதுதான் என்று உன் அம்மாவும் மெச்சிக்கொண்டாள். பிள்ளை ஸ்டூலில் ஏறி, டிரம்முக்குள் பாதி உடம்பை விட்டு, இரண்டு கப் எடுத்துக் குக்கரில் போட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தாத்தா, அரிசிக்கு அடியில கறுப்பா ஒரு மூலை தெரியுது, நாளைக்கு இன்னும் கொஞ்சம் தெரியும், என்றாள். உன் அம்மா சிரித்தாள். வசம்பா இருக்கும் மக்ளே, வண்டு வராம இருக்கதுக்கு அம்மை போட்டிருப்பா, என்று சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாசி மாதம் மாப்பிள்ளை வாங்கின கைத்துப்பாக்கியைக் கட்டில் பக்கத்து டிராயரில் வைத்தால் பிள்ளை திறந்துவிடும் என்று பயந்து, பங்குனியில் நீ அதை எடுத்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்ததை நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். திருடன்கூட அங்க தேட மாட்டான்ப்பா, அம்மை வளையலை வச்ச இடம்தானே, என்று சொல்லிச் சிரித்தாய். மாப்பிள்ளைக்கும் இடம் தெரியும், ஆட்சேபம் இல்லை என்றாய். அது நல்ல இடம் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். அரிசி தினமும் இரண்டு கப் குறையும் என்பதை நம் மூன்று பேரில் ஒருவரும் நினைக்கவில்லை.

நீ துவாலையோடு வந்ததும் உன்னிடம் சொன்னேன். உன் முகம் மாறியதை இங்கிருந்தே பார்த்தேன். படம் அணைந்துவிட்டது. மறுநாள் காலையில் உன் செய்தி வந்தது: புது பை கொட்டியாச்சுப்பா, இனி ஒரு மாசத்துக்குத் தெரியாது. நீ வாங்குவது இருபது பவுண்டுப் பை, நம் கணக்கில் ஒன்பது கிலோ, பிள்ளை எடுக்கும் இரண்டு கப் முந்நூறு கிராம், முப்பது நாள். எப்படிப் போட்டாலும் ஆடி இருபதாம் தேதி வாக்கில் அந்தக் கறுப்பு மூலை மறுபடி வெளியே வரும். நடுவில் யாராவது விருந்துக்கு வந்தால் இன்னும் முன்னால். அதனால்தான் கணக்குப் பார்த்து, செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிற ஜின்சியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். என் பழைய சகாவின் மகள், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, உனக்குத் தெரிந்த பெண்தான். உன் கையில் இது கிடைப்பது வியாழக்கிழமை, பதினான்காம் தேதி. மூலை தெரிய இன்னும் ஆறு நாள் இருக்கும்.

உனக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்ததை உன் அம்மா இன்றைக்கும் வேடிக்கையாகச் சொல்வாள். பேங்க் லாக்கர் வாங்க நம்மிடம் வசதி இல்லாத காலம், அவளுடைய இரண்டு வளையலையும் துணியில் சுற்றி அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தாள். அரிசிக்குள்ள கை போடாத மக்ளே, என்று உன்னிடம் சொல்லியும் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் நீ போட்டிருக்க மாட்டாய் என்று எனக்கு ஓர் எண்ணம். ஒரு திங்கட்கிழமை நீ அந்த வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாய், டீச்சர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். உன்னை யாரும் அடிக்கவில்லை. வீடு முழுக்கச் சிரித்தோம். மறுநாள் உன் அம்மா வளையலை முன்னைவிட ஒரு சாண் ஆழத்தில் புதைத்தாள். ஆழமாக வைத்தால் போதும் என்ற பாடத்தை அன்றைக்கு மூன்று பேரும் படித்தோம். முப்பத்திரண்டு வருடம் கழித்து நீ புதுப் பையைப் பிரித்துக் கொட்டியபோது அந்தப் பாடத்தைத்தான் ஒப்பித்தாய். பெற்றவர்கள் சொல்லிக் கொடுத்ததில் பிள்ளைகள் எதை மறப்பார்கள், எதை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பது நம் கையில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் இதைப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை கையில் காப்பியோடு வந்து உட்கார்ந்தார், கெட்டிக்காரர், நிறையப் படிக்கிறவர், எனக்கு அவரிடம் மரியாதை உண்டு. மாமா, சட்டத்துக்குப் பயந்தவன் மட்டும்தான் லைசன்ஸ் கேட்டு வருவான், ஒன்பது வருசத்துல ஒரு திருடனாவது உங்க ஆபீஸ் படி ஏறினானா, என்று கேட்டார். ஏறவில்லை. கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி உரிமம் பார்க்கும் பிரிவில் நான் இருந்த ஒன்பது வருடத்தில் திருடன் என்று எழுதிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. ஆயுதம் பெருத்த நாட்டில் கொலை குறைவாக இருக்கிறது என்று சுவிட்சர்லாந்தைச் சொன்னார், சட்டம் இறுக்கமான நகரத்திலும் பிணம் விழுகிறது என்று உங்கள் நாட்டு நகரம் ஒன்றைச் சொன்னார், போலீஸ் வர பதினொரு நிமிடம் ஆகும், திருடன் கதவை உடைக்க ஒரு நிமிடம் போதும் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கடைசியில் நான் என்றைக்கோ அவரிடம் சொன்ன கதையையே எடுத்து என் மேல் வைத்தார். கருங்கல் நகைக்கடைக்காரரின் கதை.

உனக்கும் தெரியட்டும். அந்த மனிதர் கடையைப் பூட்டி, சாவிக்கொத்தோடு இருட்டில் நடந்து வீட்டுக்குப் போகிறவர், பாதுகாப்புக்குத் துப்பாக்கி கேட்டு மனுப் போட்டார். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. சரியாக இருக்கிற கோப்பைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். பதினொரு மாதம் என் மேசையில் வைத்திருந்தேன். பன்னிரண்டாம் மாதம் நாலு பேர் அவரை மடக்கித் தாடையை உடைத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து பிழைத்தார். பிறகு ஆபீசுக்கு வந்து, மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார், காரணம் என்ற இடத்தில் இனிப் பாதுகாக்க ஒன்றும் இல்லை என்று போட்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். உங்க தாமதத்தால அவர் தாடை போச்சு மாமா, என்றார் மாப்பிள்ளை. ஆமாம் என்றேன். அந்த விவாதத்தில் அவர் ஜெயித்தார். ஜெயித்த சந்தோஷத்தில் அவர் எழுந்துபோய்த் தோசைக்குச் சட்னி எடுத்துக்கொண்டார். அந்த நாற்பது நிமிடத்துக்குள் நந்தனா அவர் பின்னால் ஸ்டூலை இழுத்துக்கொண்டு டிரம் பக்கம் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட்டுச் சொன்னால் பிள்ளை அங்கேயே தோண்டிப் பார்த்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

நான் அவரிடம் சொல்லாமல் விட்ட இன்னொரு கோப்பு இருக்கிறது, அதைத்தான் இப்போது எழுதுகிறேன். பக்கத்து விளைக்காரன் பகவதியப்பன், நீ சின்ன வயதில் அவன் வாழைத்தோட்டத்தில் கதலி பறித்துத் தின்றிருக்கிறாய். மலையடிவாரம், காட்டுப்பன்றி வருகிறது, மிரட்டத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டான். பன்றியைச் சுடுவதற்கு அனுமதி வேறு, பன்றியை மிரட்டத் துப்பாக்கி வேறு, சர்க்கார் இரண்டையும் தனித்தனியாக யோசிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன், தினமும் முகத்தில் விழிக்கிறவன் என்பதற்காக அவன் கோப்பை நாலே மாதத்தில் நகர்த்தினேன். பரிந்துரைக்கலாம் என்று எழுதியது என் கையெழுத்து. என் சர்வீசில் நான் காட்டிய வேகம் அது ஒன்றுதான். மாப்பிள்ளை தன்னுடையதைக் கடையில் இருபது நிமிடத்தில் வாங்கினாராம், கிரீன் கார்டு கிடைத்த மூன்றாம் மாதம். நான் நாலு மாதத்தை வேகம் என்று சொல்வதைக் கேட்டு அவர் சிரிப்பார்.

இங்கே தேர்தல் அறிவித்தால் லைசன்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், உனக்கு நினைவிருக்கும். இந்தத் தடவையும் பகவதியப்பன் பங்குனியில் கொண்டுபோய் ஒப்படைத்தான். சித்திரையில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் அவனுக்கும் அவன் தம்பி முத்துநாயகத்துக்கும் வழிப்பாதை விஷயத்தில் வாய்ச்சண்டை முற்றியது. எல்லைக்கல்லைத் தம்பி தள்ளி நட்டான் என்று இவன், அண்ணன்தான் வேலியைத் தள்ளிக் கட்டினான் என்று அவன். பகவதியப்பன் வீட்டுக்குள் ஓடினான். சுவரில் ஆணி மட்டும் இருந்தது, துப்பாக்கி தொங்கின இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்துக்கிட்டு ஒரு நிமிசம் அப்படியே நின்னாவ மாமா, என்று அவன் பெண்டாட்டி பிறகு என்னிடம் சொன்னாள். அந்த நிமிடத்தில் தம்பி வேலியைத் தாண்டிவிட்டான். இவன் அடுக்களைப் புறத்திலிருந்து வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு ஓடினான், எட்டினது கை மட்டும். பதினொரு தையல். வெட்டுகத்தி ஓடுவதற்கு இடம் கொடுக்கிற ஆயுதம், அதற்காக அதை நல்ல ஆயுதம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தேர்தல் ஒரு மாதம் முன்னால் முடிந்திருந்தால் முத்துநாயகத்தின் படத்துக்கு இப்போது மாலை தொங்கும். ஜனநாயகத்தால் ஓர் உயிர் பிழைத்ததை நான் நேரில் பார்த்தது இந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில் முத்துநாயகம் என்ன சொன்னான் தெரியுமா. தென்னையிலிருந்து விழுந்தேன் என்றான். வாழ்நாளில் அவன் தென்னை ஏறினது கிடையாது. நான் தனியாகக் கூப்பிட்டு, புகார் கொடு, இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி திரும்பி வந்துவிடும் என்று சொன்னேன். கூடப் பொறந்தவன்லா அண்ணாச்சி, ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னா நாளைக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு ஆரு வருவா, என்றான். ஆகவே காவல்துறைக் கணக்கில் நம் தெருவில் இந்த வருடம் வன்முறைக் குற்றம் எதுவும் இல்லை, ஒரு தென்னை மரம் ஓர் ஆளை வெட்டியிருக்கிறது. குற்ற விகிதம் என்று மாப்பிள்ளை எண்களை அடுக்கும்போது நான் வாயை மூடிக்கொள்வது எண்கள் தெரியாமல் இல்லை. எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

ஓட்டு எண்ணி முடிந்ததும் ரசீதைக் காட்டித் துப்பாக்கியைத் திருப்பி வாங்கி வந்துவிட்டான். எண்ணெய் போட்டுத் துடைத்து அதே ஆணியில் மாட்டியிருக்கிறான், நம் மாடியில் துணி உலர்த்தப் போனால் அவன் ஜன்னல் வழியாகத் தெரிகிறது. உன் அம்மா இப்போது துணியை முற்றத்தில் போடுகிறாள். லைசன்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கும் மனுவை என்னிடம்தான் எழுதக் கொடுத்திருக்கிறான், ஆபீஸ் நடைமுறை தெரிந்த ஆள் இந்தத் தெருவில் வேறு யார். மூன்று வாரமாக அது என் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆனாலும் கை மறக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் வந்தான். அண்ணாச்சி, எழுதியாச்சா, என்றான். ஒரு காகிதம் குறையுது பகவதி, வாற வாரம் பாப்போம், என்றேன். போன வாரமும் இதத்தான் சொன்னிய, என்றான். பிறகு, எல்லைக்கல்லு பின்னயும் நாலு விரக்கடை இங்கோட்டு வந்திருக்கு, கேட்டியளா, நான் ஒண்ணும் சொல்லல, பன்னிக்கு வேண்டித்தான் துப்பாக்கி கேக்கேன், என்றான். இந்த வருடம் பன்றியே இறங்கவில்லை. எழுந்து போகும்போது, உங்களுக்கு முடியலன்னா பாதகம் இல்ல, ஜங்ஷன்ல கம்ப்யூட்டர் சென்டர்ல பத்து நிமிசத்துல போட்டுத் தருவாவளாம், என்று சொல்லிவிட்டுப் போனான். உங்கள் ஊர் வேகம் எங்கள் ஊருக்கும் வந்துகொண்டிருக்கிறது.

அவன் போன பிறகு நான் செய்ததை உன் அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதி, என் பெயரும் விலாசமும் போட்டு, இந்த உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று கலெக்டருக்கு மனு எழுதினேன், இன்று காலை ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்துவிட்டேன். மனுவின் நகல் விசாரணைக்கு அவன் கைக்கும் போகும், அதுதான் நடைமுறை, அந்த நடைமுறையை நானே எத்தனையோ பேருக்குப் பின்பற்றியிருக்கிறேன். அந்தப் பிரிவில் இப்போது என் நாற்காலியில் இருப்பவரும் என்னைப் போல நிதானமானவர் என்று கேள்வி. என் மனு பதினொரு மாதம் மேசையில் கிடந்தால் புகார் சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ பயப்படாதே. கதவுக்கு உள்தாழ்ப்பாள் புதிதாகப் போட்டிருக்கிறேன். இந்த ஆடிக்காற்றில் ஏதாவது ஒரு கதவு படாரென்று அறைந்தபடி இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் உன் அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் காற்று என்று சொல்கிறேன். மலைக்குக் கீழே அத்தனை காற்றாலைகளும் சுற்றுகின்றன, நம் தெருவில் தினமும் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை.

இனி உன் வீட்டு விஷயம். அந்தத் துப்பாக்கியைத் தூக்கி எறி, விற்றுவிடு என்று நான் சொல்லப் போவதில்லை, அது நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்ய வேண்டியது, என் கருத்து உனக்குத் தெரியும். குண்டு போட்டு வைத்திருக்கிறீர்களா என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, குண்டு போடாத துப்பாக்கி வெறும் இரும்பு மாமா, என்று மாப்பிள்ளை சொன்னார். அப்படியானால் நந்தனா பார்த்த கறுப்பு மூலை வெறும் இரும்பு இல்லை. நீ டிராயரிலிருந்து அதை எடுத்தது பிள்ளைக்குப் பயந்து மட்டும்தானா என்றும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நீ அதை இடம் மாற்றுவதற்கு முந்தின வாரம், பார்சல் கொண்டுவந்த ஆள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததாகவும், தான் சட்டைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றதாகவும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். நீ சிரிக்கவில்லை. வந்தது நந்தனாவுக்கு வரைகிற பென்சில் பெட்டி. அவர் கெட்டவர் இல்லை ஸ்மிதா. பகவதியப்பனும் கெட்டவன் இல்லை, நீ அவன் வாழையில் கதலி பறித்தபோது இன்னும் ரெண்டு பறிச்சுக்கோ மக்ளே என்று சொன்னவன். நான் ஒன்பது வருடம் கோப்புகளில் தேடினது கெட்டவர்களை என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், நல்லவர்களுக்கு எந்த நிமிடம் எப்படி இருக்கும் என்பதற்குத்தான் அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

ஆகவே நான் சொல்வதை அப்படியே செய். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு டிரம்மைக் காலி செய்ய வேண்டும். நீ அதைத் தொடாதே, மாப்பிள்ளையையே எடுக்கச் சொல், குண்டை அவரே வெளியே எடுக்கட்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தொடங்காதே, தொடங்கினால் சுவிட்சர்லாந்து வந்துவிடும். அரிசித் தூசியும் தவிடும் குழலுக்குள் போனால் துப்பாக்கி கெட்டுவிடும், துருப் பிடிக்கும் என்று என் அப்பா சொன்னார், அவர் இந்தப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவர் என்று சொல். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். நம்பர் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி, சுவரில் போல்ட் போட்டு முடுக்குவது, அதே கடையில் விற்கிறதாம், தேடிப் பார்த்தேன், சாமான் வாங்குவதில் அவருக்கு உற்சாகம் உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள். குண்டு வேறு பெட்டியில், வேறு அறையில். பிள்ளை கைக்கு எட்டும்படி வைப்பது குற்றம் என்று உங்கள் மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது, அதையும் படித்தேன், ஆனால் அது எல்லாம் நடந்த பிறகு வீட்டுக்கு வருகிற சட்டம். நந்தனாவிடம் அது என்ன என்று உள்ளதைச் சொல்லிவிடு, வசம்பு என்று சொல்லாதே. அரிசி அளக்கும் வேலையை அவளிடமிருந்து பிடுங்காதே, பிடுங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். டிரம் காலியான பிறகு, அடி தெரிகிற அளவுக்கு மட்டும் அரிசி போட்டு அவளை அளக்கச் சொல். மூலை ஏதும் தெரியவில்லை என்று அவளே பார்க்கட்டும்.

உன் அம்மா வறுத்த புட்டுப்பொடி இரண்டு பாக்கெட், கருப்பட்டி ஒரு கிலோ, நேந்திரங்காய் வற்றல், உனக்கு முழங்கால் எண்ணெய் ஒரு குப்பி ஜின்சியிடம் கொடுத்திருக்கிறோம். முழங்கால் வலிக்கவில்லை என்று நீ சொன்னதற்கு, ஏட்டி, வரும், வச்சுக்கோ, என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அவள் உங்கள் மூவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், பிள்ளையின் தலைமுடியை வெட்டிவிட வேண்டாம் என்றும் சொன்னாள். இங்கிருந்து நான் அனுப்பக்கூடிய ஆசீர்வாதம் எல்லாம் உங்கள் மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்தது, மாப்பிள்ளைக்குக் கொஞ்சமும் குறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வேறு எதுவும் விளக்க வேண்டாம், புட்டுப்பொடி நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல், புரிந்துகொள்வேன். சொல்லாவிட்டால் சுவிட்சர்லாந்தை நானே தொடங்குவேன்.

மறக்காமல் ஒன்று. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கண்ணில் படாமல் உன் கையில் சேர்க்க எனக்கும் வேறு இடம் தோன்றவில்லை. பாலித்தீன் கவரில் போட்டு, பெரிய பாக்கெட்டின் புட்டுப்பொடிக்கு அடியில் வைத்து வாயை ஒட்டியிருக்கிறேன். ஜின்சியிடம் விஷயத்தைச் சொல்லி, உன்னிடம் தனியாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் சாமான் வந்தால் பிரிப்பது யார் என்று எனக்குத் தெரியும். உனக்கு முன்னால் நந்தனாவின் கைதான் உள்ளே போகும். ஆழத்தில் வைத்ததால் அவளுக்குக் கிடைக்காது என்று நான் நினைக்கவில்லை. கிடைத்ததும், இது காகிதம், அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள். அப்படி அவள் கையிலிருந்து நீ இதை வாங்கியிருந்தால், பாக்கெட் வந்து எத்தனை நிமிடத்தில் கண்டெடுத்தாள் என்று எனக்கு எழுது.

உன் நலத்தையே எண்ணிக்கொண்டிருக்கும்
அப்பா,
கிருஷ்ணமணி